காப்பு கட்டிய மாமாவுக்குக் கனவு வரவில்லை

என் தாய்மாமாவுக்கு வந்த மாதிரிக் கனவுகள் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. மற்றவர்களுக்கு ரயிலைத் தவறவிட்ட மாதிரியோ, பரீட்சைக்குப் பேனா இல்லாமல் போன மாதிரியோ கனவு வரும். மாமாவின் கனவில் பழவேற்காடு ஏரிப் பூநாரைகள் காக்கி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் வரிசையாக நின்று, அவர் வேலை பார்த்த இரும்பு மில் கேன்டீனில் நாஷ்டா வாங்கும். ரோலிங் மில்லில் சிவக்கச் சிவக்க வரும் கம்பிகள் பாம்பாகி, டிக்கெட் எடுக்காமல் மின்சார ரயிலேறி, சூலூர்பேட்டை வரைக்கும் போய்விடும். ஒரு நாள் எங்கள் தலைமையாசிரியர் தென்னை மரத்தில் ஏறிக்கொண்டு, சத்துணவில் முட்டை வைத்தால்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தார்.

இதையெல்லாம் மாமா காலையில், சமையலறை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொல்வார். நான் உள்ளே தரையில் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை ஊற்றுவாள். "கேட்டியா பாப்பா, நேத்து இன்னா ஆச்சுன்னா..." என்று மாமா தொடங்கினால் நான் மெல்வதை நிறுத்திவிடுவேன். மாமா எழுந்து வரத் தாமதமானால் முதல் தோசை கருகிவிடும். அந்தக் கருகல் எப்போதும் என் தட்டுக்குத்தான் வரும். தோசைக் கல்லைப் பார்த்தபடியே நிற்கும் ஒருத்திக்கு எப்படித் தோசை கருகும் என்று நான் யோசித்ததில்லை.

மூன்றாம் வகுப்பில் நான் மாமாவின் கனவுகளை வைத்துத்தான் பிழைத்தேன். படிப்பு சுமார், ஓட்டம் அதைவிட சுமார். ஆனால் மணி அடிப்பதற்கு முன்னால் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். கனவைக் கேட்டவர்கள் கொய்யாவில் ஒரு கடி கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மாமாவுக்கு எச்ஐவி இருந்தது. இன்றைக்கு இதை ஒரே மூச்சில் எழுதிவிட முடிகிறது. அன்று எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அம்மா, மாமா, நைனா மூன்று பேர்தான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எப்படி வந்தது என்று பிற்பாடுகூட நான் மாமாவிடம் கேட்கவில்லை. சர்க்கரை வந்தவரிடம் போய் எவ்வளவு லட்டு தின்றீர்கள் என்று விசாரிக்கிற ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள்; அவர்களை எனக்குப் பிடிக்காது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது மாமா பாயோடு பாயாகக் கிடந்தாராம். உள்ளூரில் காட்டினால் கண்டவர்கள் கண்டதைப் பேசுவார்கள் என்று, அம்மா அவரைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே கொடுத்த மாத்திரையில்தான் மாமா எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், மறுபடி மில்லுக்குப் போனார், என்னைத் தோளில் தூக்கினார். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூட விடாமல். விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்தோடு பழகிக்கொள்ளும், அப்புறம் அந்த மருந்து இருந்தும் பயனில்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னதை அம்மா மனப்பாடமாக வைத்திருந்தாள். மாத்திரைகள் பழைய ஊறுகாய் பாட்டிலில், குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்க மேலே பஞ்சு அடைத்து, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். எனக்குச் சொல்லப்பட்டது சத்து மாத்திரை என்று. எனக்கும் சத்து வேண்டும் என்று ஒரு முறை கேட்டேன். அம்மா பார்த்த பார்வையில் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அம்மா எந்தக் காரியத்திலும் ஒரே ஆளை நம்புகிற ரகம் இல்லை. கீரைகூட இரண்டு கூடைக்காரிகளிடம் வாங்குவாள். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரை நம்பியது போக, எங்கள் ஊர் திரௌபதி அம்மனிடமும் சொல்லிவைத்திருந்தாள். தம்பி பிழைத்து எழுந்தால் காப்பு கட்டித் தீ மிதிப்பான் என்று. மிதிக்கப் போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லீவு கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போன அந்த வேண்டுதல், நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம்தான் கூடி வந்தது. மாமா ஜாலியாகத்தான் இருந்தார். "தெனம் நெருப்பாண்டதான் வேல செய்றேன். இத்த ஒரு வாட்டி கால்ல தொடணும், அவ்ளோதானே" என்றார்.

காப்பு கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை வீட்டுக்கு வரக்கூடாது. கோயில் பக்கத்துப் பந்தலில் மஞ்சள் வேட்டியோடு எல்லோரும் ஒன்றாகத்தான் படுக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு. பந்தலைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். வேண்டப்பட்டவர்கள் அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகலாம். மாமா கிளம்பும்போது அம்மா மாத்திரைகளை ஒரு தாளில் மடித்து, பையில் வேட்டிக்கு அடியில் வைத்ததை நான் பார்த்தேன். கோயிலில் போய் எதற்குச் சத்து என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தலில் எங்கள் தெருக்கோடிப் பெரியவர் ஒருவர் இருந்தார். வருஷா வருஷம் தீ மிதிப்பவர், அதனால் சட்டம் போடும் உரிமை அவருக்கு. "காப்பு கட்டிக்கினா இங்கிலீஷ் மருந்த தொடக் கூடாது. ஒடம்ப அவகிட்ட குடுத்துட்டு, டாக்டர்கிட்டயும் குடுத்தா அவளுக்கு இன்னா மரியாத?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தன்னுடைய சர்க்கரை மாத்திரையையே விட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். மாமா அதைக் கேட்டுக்கொண்டார். அத்தனை பேர் நடுவில் தாளைப் பிரித்து ஒரு மாத்திரையை எடுத்தால், இன்னா மாத்திரை என்று பத்து பேர் கேட்பார்கள் என்ற பயமும் கூடச் சேர்ந்தது. இவையெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிய வந்தவை.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாமாவுக்குக் கனவு வருவது நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் கயிற்றண்டை நின்று கேட்பேன். "நல்லா தூங்கினேன் பாப்பா. ஒண்ணும் வர்ல" என்று மாமா சந்தோஷமாகச் சொல்வார். மறுநாளும் அதேதான். வகுப்பில் என் பிழைப்பில் மண் விழுந்தது. ஆரணியாற்றங்கரையில் தன் சித்தப்பா பேயைப் பார்த்ததாகச் சொன்ன ஒருத்தி, என் கூட்டத்தையும் என் கொய்யாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் அம்மாவிடம் முறையிட்டேன்.

"மாமாவுக்குக் கனவே வர்லம்மா. கோயில்ல படுத்துக்கினா நெறைய வரணும்ல?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எப்பலேர்ந்து?"

"காப்பு கட்டினதுலேர்ந்து."

அம்மா எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டாள். அடுப்பை நைனாதான் அணைத்தார். கனவு வராததற்கு இவ்வளவு கோபப்படும் அம்மாவைப் பெற்றது என் பாக்கியம் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அந்த மாத்திரை சிலருக்குக் கண்டபடி கனவு கொடுக்கும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் அம்மாவுக்குக் கணக்கு எளிது. கனவு வந்தால் மாத்திரை வயிற்றில் இருக்கிறது. கனவு இல்லையென்றால் மாத்திரை பையில் இருக்கிறது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மாமாவைக் கூப்பிட்டாள். சுற்றிலும் மஞ்சள் வேட்டிகள். யாரும் எதையும் வெளிப்படையாகப் பேச முடியாது.

"ராத்திரி ஒயுங்கா சாப்புடறியாடா?"

"ஒரு வேளதாங்க்கா. காப்புல கீறேன்ல."

"நான் சோத்த கேக்கல."

மாமா தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அவ பாத்துக்குவாக்கா. உயிர குடுத்ததே அவதானே? நீதானே வேண்டிக்கின?" என்றார்.

அம்மா எப்போதும் கடைசி வார்த்தை தனக்கென்று வைத்திருப்பவள். அன்று அதை மாமாவிடமே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். தான் வேண்டிக்கொண்ட வேண்டுதலே தன் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருந்தால் என்ன பேசுவாள்? வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நைனா மெல்ல, "இன்னும் கொஞ்ச நாள்தானே, வந்து போட்டுக்கட்டும்" என்றார். அம்மா திரும்பிப் பார்த்தாள். நைனா உடனே சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலப் பூஜைக்கு அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். கையில் ஒரு சொம்பு. அதில் துள்ளுமாவு, பச்சரிசி மாவில் வெல்லம் போட்டு இடித்தது. எனக்கு உயிர். ஒரு வாய் கேட்டேன், முறைத்தாள்.

என் அம்மா சாமி வந்து ஆடுகிற ரகம் கிடையாது. எதிர்வீட்டுக்காரிக்கு அருள் வரும்போதெல்லாம், "எனக்கு அரிசி ஊற வெக்கவே நேரம் இல்ல, அவ எங்கேர்ந்து வருவா" என்று சிரிப்பவள். அன்று பம்பையும் உடுக்கையும் சூடு பிடித்ததும் என் பக்கத்தில் நின்ற அம்மாவின் உடம்பு நடுங்குவதைப் பார்த்தேன். கொண்டை அவிழ்ந்தது. அடுத்து அவள் போட்ட சத்தத்தில் பம்பைக்காரரே தாளத்தில் ஓர் அடி தப்பவிட்டார்.

கயிற்றைத் தாண்டி நேராகப் பந்தலுக்குள் போனாள். அம்மனைக் கயிறு தாண்டாதே என்று யார் சொல்வது? மஞ்சள் வேட்டிகள் விலகி வழிவிட்டன. மாமாவின் எதிரில் போய் நின்றாள்.

"டேய்! எம்பேர சொல்லிக்கினு எனக்கே வேஷம் கட்றியா?"

மாமா கைகூப்பினார்.

"உன்ன எய்ப்பி நிக்க வெச்சது யாருடா?"

"நீதான் தாயே."

"எப்டி எய்ப்பினேன்? வெறுங்கையாலயா? நான் ஒண்ணு குடுத்து அனுப்பினேன்ல? அத்த ஏன்டா தள்ளி வெச்ச?"

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டம் போட்ட பெரியவர்தான் முன்னால் வந்து, "தாயே, புள்ள தெரியாம செஞ்சிருக்கும். இன்னா செய்யணும் சொல்லு, செஞ்சிடறோம்" என்று பணிந்தார்.

"இவன் அக்கா ஊட்லேர்ந்து தெனம் ஒரு மாவுருண்ட வரும். படுக்கறதுக்கு முன்ன அத்த முயுங்கணும். கடிக்கக் கூடாது. யாருக்கும் பங்கு தரக் கூடாது. ஒரு நாள் தப்பிச்சுன்னா இவன் என் தீயில கால் வெக்க வேணாம்!"

சொல்லிவிட்டு சொம்பிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டையை எடுத்து மாமாவின் வாயில் தானே வைத்தாள். மாமா கடிக்கவில்லை. ஒரு நொடி அம்மாவின் முகத்தைப் பார்த்தார், விழுங்கினார். பொலபொலவென்று கண்ணீர் விட்டார். பக்தி என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா கீழே சாய்ந்தாள். எதிர்வீட்டுக்காரி தண்ணீர் தெளித்தாள், யாரோ எலுமிச்சம்பழத்தைக் கையில் அழுத்தினார்கள். கண்ணைத் திறந்து, "நான் எங்க கீறேன்?" என்று அம்மா கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது, காரணம்தான் மாறிவிட்டது. வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்திருந்த அவள் கை ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது.

அதற்குப் பிறகு சில நாட்கள் நான் பட்ட அவஸ்தையை என்னவென்று சொல்ல! அம்மன் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். அம்மன் என் யூனிஃபார்மைத் துவைக்கிறாள். அம்மன் வைத்த குழம்பில் உப்பு இல்லையென்றால் சொல்லலாமா கூடாதா? பாகற்காயைக்கூட மறுபேச்சில்லாமல் தின்றேன். கணக்கில் பாஸ் போட்டுவிடும்படி, அவள் பாத்திரம் துலக்கும்போது பின்னால் நின்று கும்பிட்டேன். "போய் ஒக்காந்து படிடி" என்று அம்மன் அருள்வாக்கு கொடுத்தாள்.

மாவுருண்டையைப் பந்தலுக்குக் கொண்டுபோகும் வேலை நைனாவுக்கு. நானும் கூடப் போவேன். சாமி சொன்ன உருண்டை என்பதால் மாமா அதை எல்லோர் எதிரிலும் வாயில் போட்டு விழுங்கினார். பெரியவர் பக்கத்தில் நின்று, கடிக்கிறாரா என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். இங்கிலீஷ் மருந்து தொடக்கூடாது என்ற மனிதரே அந்த மருந்துக்குக் காவல் நின்றார் என்பதை நினைத்து நினைத்து அம்மா பல வருஷம் சிரித்தாள்.

சாமி வந்த மறுநாள் காலையில் கயிற்றண்டை மாமா எனக்காகக் காத்திருந்தார். "கேட்டியா பாப்பா, நேத்து இன்னா ஆச்சுன்னா, எரும ஒண்ணு மில்லு கிரேன்ல ஏறிக்கினு எறங்க மாட்டேன்னுட்டுது..." நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மன் கனவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு சொம்பில் மிச்சமிருந்த துள்ளுமாவு முழுவதையும் எனக்கே கொடுத்தாள்.

மாமா தீ மிதித்தார். காலில் ஒரு கொப்புளம் இல்லை. திருவிழா முடிந்ததும் அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய், மாத்திரை விட்டுப்போனதை ஒளிக்காமல் சொல்ல வைத்தாள். டாக்டர் திட்டினாராம். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில், கிருமி கண்ணில் படாத அளவுக்கு அடங்கியே கிடக்கிறது, மருந்து நன்றாகக் கேட்கிறது என்று வந்தது. அன்று நைனா கோழி வாங்கி வந்தார். எதற்கு என்று கேட்டேன், சும்மா என்றார். குறி கேட்கத் தேடி வந்தவர்களை மட்டும் அம்மா ரொம்ப நாள் சமாளிக்க வேண்டியிருந்தது. "அவ எப்பனாத்தான் வருவா" என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

நான் காலேஜில் சேர்ந்த பிறகு அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயர், உருண்டைக்குள் ஒளித்த மாத்திரை, கனவு வரும் வழி, சாமி வந்த கதை. நான் சிரித்தேன், அழுதேன், எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு மூட்டுவலி. அவளுக்குப் பதிலாக மாமாவோடு ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். மாமாவுக்கு இப்போது மீசை நரைத்து, லேசாகத் தொந்தியும் போட்டிருக்கிறது. நர்ஸ் தூக்கமெல்லாம் எப்படி என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "தூக்கம் பரவால்ல சிஸ்டர். கனவுதான் ஜாஸ்தி. இன்னிக்குக் காலைலகூட ஒட்டகம் வந்துச்சாம்" என்றேன்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "கனவு வர்ற மாத்திரைய மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சேம்மா. இப்ப குடுக்கறதுக்கு அப்படி வராதே."

மாமா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் கொய்யா வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அப்ப ஒட்டகம்?"

"அது நானா உட்டது. மாத்திர மாத்தனதுலேர்ந்து நல்ல தூக்கம் பாப்பா. ஒரு கனவும் கெடையாது."

"பின்ன ஏன் மாமா தெனம் சொல்றீங்க? நான் இன்னும் சின்னப் புள்ளையா?"

மாமா சிரித்தார். "உங்கம்மா அடுப்பாண்ட நின்னுக்கினு கேக்கறா இல்ல? போட்டியாடான்னு இத்தினி வருஷத்துல ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டதில்ல. கேட்டா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்னு நெனைப்பா. போட்டேங்க்கான்னு அவளுக்கு நான் எப்டி சொல்றது?"

பொன்னேரியில் இறங்குகிறவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு கேட்டேன்.

"மாத்திரய மாத்தினது அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? மாத்தின அன்னிக்கு கூட வந்ததே அவதான். நர்சு சொன்னத அவளும் கேட்டா."

மறுநாள் காலை. மாமா நிலையில் சாய்ந்துகொண்டு, "கேட்டியா பாப்பா, நேத்து இன்னா ஆச்சுன்னா..." என்று தொடங்கினார். நான் மாமாவைப் பார்க்காமல் அம்மாவின் முதுகைப் பார்த்தேன். அதுவரை தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றவள், அப்போதுதான் தோசையைத் திருப்பிப் போட்டாள். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தது, அவர்கள் இருவருக்கும் நடுவில் கருகிய தோசையோடு உட்கார்ந்து, எல்லாக் கனவும் எனக்குத்தான் என்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான்.